இலங்கை மின்சார சபையின் 20 வருடத் திட்டம்: அதைச் சரிபார்ப்பது யார், எந்தக் கட்டத்தில்?

கொட்டியாரக்கரை

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். பொறுமையாக வாசித்து, பிழை இருந்தால் திருத்துங்கள்.

நான் சம்பூர்ப் பக்கம். 2006இல் ஊரைவிட்டு வெளிக்கிட்ட எங்கள் குடும்பம் 2015க்குப் பிறகுதான் சொந்தக் காணியில் திரும்பக் கால் வைத்தது. இடையில் கிளிவெட்டி முகாமில் இருந்த நாட்களில் தெரிந்த ஒருவர் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். நாட்டின் நீண்டகால மின்னுற்பத்தி விரிவாக்கத் திட்டத்திலிருந்து ஒரு பக்கம். வெறும் அட்டவணை. இடது கரையில் ஆண்டு. நடுவில் அந்தந்த ஆண்டில் சேரும் நிலையங்கள், மூடப்படும் நிலையங்கள். வலது ஓரத்தில் ஏதோ ஒரு சதவீதம். அதில் ஒரு வரி: நிலக்கரி, இரண்டு 250 மெகாவாட், திருகோணமலை. எங்கள் ஊரின் பெயர்கூட அதில் இல்லை. அம்மா தாளை வாங்கி, எந்த வரி என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

2016 செப்டெம்பரில் அந்த நிலக்கரித் திட்டம் கைவிடப்படுகிறது என்று உயர் நீதிமன்றத்தில் அரசு தரப்பு சொன்னது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். நாட்டுக்குக் கட்டாயம் வேண்டும் என்று ஒரு காலத்தில் எழுதிய வரி, பத்து வருடத்துக்குள் வேறு வரியாகிவிட்டது. என் கேள்வி எல்லாம் இதுதான்: முதல் வரியை எழுதியபோது அதன் கணக்கைப் பார்த்தவர் யார்?

மின்துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இருக்கிறது, திட்டத்தை அங்கீகரிக்கும் அதிகாரம் அதற்கு இருக்கிறது, சரி. ஆனால் முழுத் திட்டமும் எழுதி முடிந்த பிறகு கையில் வாங்கி ஆம், இல்லை என்று சொல்வதால் பெரிய பயன் இல்லை என்பது என் எண்ணம். தேவை எவ்வளவு வளரும், எரிபொருள் என்ன விலை போகும் என்ற அடிப்படை எண்களை, கணக்குப் போடத் தொடங்கும் முன்பே எல்லாருக்கும் தெரியப் பரிசோதிக்க வேண்டும். அங்கீகரித்த பிறகு வருடா வருடம் கூப்பிட்டு, கட்டினீர்களா, ஏன் கட்டவில்லை என்று கேட்க வேண்டும். இப்போது சண்டை எல்லாம் நடுவில்தான் நடக்கிறது. முன்னும் பின்னும் ஆள் இல்லை.

சட்டம் படிப்பவள்

அக்கா, சட்டத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் மற்றவர்கள் பேசட்டும்.

ஆணைக்குழுவை உருவாக்கியது 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். ஆனால் மின்சாரத்தை அதன் கையில் கொடுத்தது 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மின்சாரச் சட்டம். அதற்கு 2013இல் ஒரு திருத்தம் வந்தது. ஆகக் குறைந்த செலவில் தேவையை நிறைவுசெய்யும் நீண்டகாலத் திட்டத்துக்கு வெளியே புதிதாக ஒரு மின் நிலையம் வாங்கவோ கட்டவோ கூடாது என்பது 43ஆம் பிரிவின் சாரம். அந்தச் சட்டப்படி திட்டத்தை வரைந்தது மின்கடத்தல் உரிமம் உள்ளவர், அதாவது மின்சார சபை. அதைத் திருத்தி அங்கீகரித்தது ஆணைக்குழு.

"திருத்தி" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆணைக்குழு முத்திரை குத்தும் இடம் மட்டும்தானா, பேனாவும் அதன் கையில் இருக்கிறதா என்ற முழுச் சண்டையும் அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது.

2024இல் வந்த 36ஆம் இலக்கச் சட்டத்தோடு சபையே பல நிறுவனங்களாகப் பிரிகிறது. திட்டம் வரையும் வேலை தேசிய முறைமை இயக்குநர் என்ற தனி நிறுவனத்துக்குப் போகிறது. பரிசீலிக்கும் பொறுப்பு ஆணைக்குழுவிடமே இருக்கிறது. ஆகவே அக்காவின் கேள்வி பழைய கதை இல்லை. இனி வருகிற திட்டத்துக்கும் அதே கேள்விதான்.

சுமைவளைவு

முப்பது வருடத்துக்கு மேல் மின்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தங்கச்சி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அம்மா விரல் வைத்த அந்த வரியைப் போன்ற வரிகளோடு என் வாழ்நாளின் பெரும் பகுதி போயிருக்கிறது. ஆகவே நானும் மனம்விட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் வலது ஓரத்துச் சதவீதம். அது தேவைக்கு உற்பத்தி போதாமல் போகும் நிகழ்தகவு. எங்கள் அளவுகோலில் 1.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வருடத்துக்கு ஏறத்தாழ ஐந்தரை நாள் கணக்கு. அந்த எண் ஏறினால் புதிய நிலையம் ஒன்றைச் சேர்த்துத்தான் அதை இறக்க வேண்டும். அட்டவணையில் ஒவ்வொரு வரியும் அந்த எண்ணைப் பிடித்து வைக்க வந்த வரி. யாருடைய ஊரையும் குறிவைத்து யாரும் எழுதவில்லை. ஆனால் ஊரை யாரும் நினைத்துப் பார்க்கவும் இல்லை என்று தங்கச்சி சொன்னால் எனக்கு மறுப்பு இல்லை.

கணக்கு எப்படிப் போடுகிறோம் என்றால், வாஸ்ப் என்று ஒரு மென்பொருள். வியன்னாவில் இருக்கும் சர்வதேச அணுசக்தி முகவராண்மை பல நாடுகளுக்கும் கொடுத்தது. வருகிற 20 வருடத்தின் தேவை, ஒவ்வொரு வகை நிலையத்தையும் கட்டும் செலவு, எரிபொருள் விலை, ஆறுகளின் நீர் வரத்து எல்லாவற்றையும் கொடுத்தால், எந்த ஒழுங்கில் கட்டினால் மொத்தச் செலவு குறையும் என்று சொல்லும். பின்னாளில் வேறு மென்பொருட்களும் வந்தன. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை திட்டத்தைப் புதுப்பிப்போம்.

இனி ஆணைக்குழுவுக்கு வருவோம். 2018 தொடக்கம் 2037 வரையான திட்டத்தை 2017இல் சபை அனுப்பியது. அதில் நிலக்கரி இருந்தது. நிலக்கரியால் சூழலுக்கும் உடம்புக்கும் வரும் கேட்டையும் காசாக எண்ணிச் செலவில் சேர்க்க வேண்டும் என்று ஆணைக்குழு வாதிட்டது. 2017 ஜூலையில் புதிய நிலக்கரி இல்லாத வேறொரு திட்டத்தை அங்கீகரித்தது. பொறியியலாளர்கள் எதிர்த்தார்கள், சட்டப்படி வேலை என்று இறங்கினார்கள். கடைசியில் 2018இல் சபையின் திட்டத்துக்கே அங்கீகாரம் வந்தது. ஏறத்தாழ ஒரு வருடம் போனது. கேள்விப்பத்திரம் அழைக்க முடியாமல் வேலைகள் நின்றன. 2019 மார்ச்சில் மழை பொய்த்தது, நாடு முழுக்க மின்வெட்டு. அவசரத்துக்கு டீசல் மின்சாரம் வாங்கினார்கள். அந்தக் காசு பாவனையாளரின் காசு.

எதையும் கேட்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்பவரிடம் அதே அளவு ஆட்களும் அதே அளவு தரவும் இருக்க வேண்டும். ஒரு தவணைக்குள் முடிவு சொல்லும் கட்டாயமும் வேண்டும். அது இல்லாமல் பேனாவை மட்டும் கொடுத்தால் நாட்டுக்கு இருட்டு.

பரந்தன் ஆலை

ஐயா, நிலக்கரியா இயற்கை வாயுவா என்று எனக்குத் தெரியாது. எனக்கு நெல்லுத்தான் தெரியும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் இல்லை. எங்கள் ஆலையில் புழுங்கல் போடுவோம். நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்தி, பிறகுதான் குத்துவது. ஊறவைத்த நெல் காத்துக்கொண்டிருக்காது. நேரம் தாண்டினால் புளிக்கும். அந்தப் புளித்த வாசம் அரிசியில் இறங்கினால் சோற்றிலும் போகாது. ஒரு நாள் தொட்டியில் நெல் கிடக்கிறது, கறண்ட் வரும் என்ற நேரத்துக்கு வரவில்லை, ஜெனரேற்றருக்கு டீசல் எடுக்க வரிசையில் நின்ற பெடியனும் வரவில்லை. பின்னேரம் தொட்டிக்குக் கிட்டப் போனாலே மூக்கு சொல்லிவிட்டது. அந்தத் தொட்டி முழுவதையும் மாட்டுத் தீவனத்துக்குத்தான் கொடுத்தேன்.

என் கேள்வி ஒன்றுதான். 20 வருடத்துக்குக் கணக்குப் போட்டிருந்தார்கள் என்றால் அந்த மார்ச் மாதம் அந்தக் கணக்கில் எங்கே இருந்தது?

சுமைவளைவு

தம்பி, இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்.

2022இல் நிலையங்கள் இருந்தன. எண்ணெய் வாங்க டொலர் இல்லை, நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் குறைந்திருந்தது. எங்கள் கணக்கில் எரிபொருளுக்கு விலை உண்டு. அந்த விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன என்றும் பார்ப்போம். ஆனால் எந்த விலைக்கும் வாங்க முடியாத ஒரு நிலை வரும் என்று யாரும் போடவில்லை. ஒரு கப்பல் துறைமுகத்துக்கு வெளியே காசுக்காகக் காத்து நிற்பதை அந்த மென்பொருள் அறியாது.

இன்று நான் அந்த மேசையில் இருந்தால் நீர், காற்று, வெயிலுக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே கூடுதல் மதிப்பெண் போடுவேன். அன்று போடவில்லை.

கொட்டியாரக்கரை

சுமைவளைவு ஐயா இவ்வளவு திறந்த மனதோடு எழுதியதற்கு நன்றி. அதனால்தான் இன்னும் ஒரு படி உள்ளே போகத் துணிகிறேன். நான் கணிதம் படிப்பிக்கிறவள். நேற்று இரவு இரண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதலாவது. நாட்டின் உச்சத் தேவையை 2,800 மெகாவாட் என்று வைப்போம். வருடத்துக்கு 5 சதவீதம் வளர்ந்தால் 20 வருடத்தில் 7,400 மெகாவாட்டுக்கு மேல். 3 சதவீதம் வளர்ந்தால் 5,050 அளவு. இடைவெளி சுமார் 2,370 மெகாவாட். நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தில் இருக்கும் மூன்று அலகும் சேர்ந்தே 900தான். அதாவது வளர்ச்சி வீதத்தில் 2 புள்ளி பிழைத்தால், இரண்டரை நுரைச்சோலைக்கு மேல் நாம் தேவையில்லாமல் கட்டுவோம், அல்லது தேவையான நேரத்தில் இல்லாமல் நிற்போம்.

இரண்டாவது. கழிவு வீதம். எதிர்காலத்தில் வரும் செலவை இன்றைய காசுக்கு மாற்றும் வீதம். திட்டத்தில் 10 சதவீதம் எடுப்பதாக வாசித்தேன். 20 வருடம் கழித்து வரும் 100 ரூபாய்ச் செலவு 10 சதவீதத்தில் இன்றைக்கு 15 ரூபாய்கூட இல்லை. 3 சதவீதத்தில் போட்டால் 55 ரூபாய். நிலக்கரி, எண்ணெய் நிலையங்களைக் கட்டுவது மலிவு, ஓட்டுவதற்குத்தான் காலம் முழுக்க எரிபொருள் வேண்டும். காற்றாலைக்கும் சோலருக்கும் செலவு முழுவதும் தொடக்கத்திலேயே. வீதம் உயர உயர, பின்னால் வரும் எரிபொருள் செலவு கண்ணுக்குத் தெரியாமல் சுருங்கிப் போகிறது. இந்த ஒரு எண்ணைத் தெரிவு செய்யும்போதே எந்த நிலையம் வெல்லும் என்பதில் பாதி முடிவாகிவிடுகிறது. வகுப்பில் பிள்ளைகளுக்குக் கூட்டு வட்டி படிப்பிக்கும்போது இனி இந்தக் கணக்கைத்தான் கொடுக்கப் போகிறேன்.

இந்த இரண்டு எண்ணையும் யார் தீர்மானிக்கிறார்கள்? அவற்றைப் பற்றிப் பகிரங்கமாக ஒரு விசாரணை நடந்தால், 2017இல் போனது போல ஒரு வருடம் கடைசியில் வீணாகாது அல்லவா? எண்ணில் உடன்பட்ட பிறகு விடையைப் பற்றிச் சண்டை பிடிக்க அவ்வளவு இருக்காது.

சுமைவளைவு

கணக்குச் சரி, தங்கச்சி. 10 சதவீதத்தை அடிப்படையாக வைத்து, 3, 15 இரண்டிலும் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். ஆனால் முடிவு எழுதுவது 10இல்தான். தேவை மதிப்பீடு கூடிப்போன ஆண்டுகள் பல உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2022இல் மின் பாவனை கூடாதது மட்டுமில்லை, முந்தைய வருடத்தைவிடக் குறைந்தே போனது.

ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள். கூட மதிப்பிட்டால் காசு போகும். குறைய மதிப்பிட்டால் கறண்ட் போகும். பொறியியலாளனுக்கு இரண்டாவதுதான் பயம். 1996 வரட்சியில் நாடு இருளில் கிடந்ததைப் பார்த்த தலைமுறை நாங்கள். நிலக்கரி நிலையம் வேண்டும் என்று எத்தனையோ திட்டங்களில் எழுதியும், நுரைச்சோலையின் முதல் அலகு 2011இல்தான் ஓடியது. அந்த இடைவெளியை நிரப்பியது தனியாரின் டீசல், உலை எண்ணெய் நிலையங்கள். அந்தக் கால அனுபவம்தான் எங்கள் கையை எப்போதும் மேல்பக்கம் தள்ளியது.

பேசாலை

மன்னாரிலிருந்து ஒரு குரல்.

தம்பபவனி காற்றாலைகள் 103.5 மெகாவாட் 2020 டிசம்பரில் தொடங்கின. அடுத்து மன்னாருக்கும் பூநகரிக்குமாக 484 மெகாவாட் அதானி குழுமத்துக்கு என்று பேச்சு வந்தது. கேள்விப்பத்திரம் இல்லை. 2022 ஜூனில் மின்சாரச் சட்டத்தை மறுபடி திருத்தியபோது, போட்டி விலைக்கு வைத்திருந்த கட்டாயத்தைத் தளர்த்தினார்கள். 2024இல் ஒரு அலகுக்கு 8.26 அமெரிக்க சதம், 20 வருடத்துக்கு என்று அமைச்சரவை அங்கீகரித்தது. வழக்குகள் போனது, ஆட்சி மாறியது, 2025 ஜனவரியில் அந்த விலை முடிவை அரசு மீளப்பெற்றது, பெப்ரவரியில் நிறுவனமே விலகிக்கொண்டது. பிறகு மன்னாரிலேயே போட்டிக் கேள்வியில் வந்த காற்றாலை விலை 5 சதத்துக்கும் குறைவு.

இதில் எனக்குப் புரியாதது ஒன்று. திட்டத்தில் காற்றாலை என்று ஒரு வரி இருக்கிறது. ஆணைக்குழு பார்த்தது, அங்கீகரித்தது. ஆனால் அந்த வரியை யாருக்கு, என்ன விலைக்குக் கொடுப்பது என்று வரும்போது கதவு வேறு பக்கம் திறந்துவிட்டது. வரி சரியாக இருந்தும் விலை பிழைத்தால் குறைந்த செலவுத் திட்டம் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று. வங்காலைப் பறவைகள் சரணாலயம் ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள ஈரநிலம். வலசைப் பறவைகள் வரும் வழி எங்கள் தீவு. கடற்றொழில்தான் எங்கள் சோறு. ஒரு திட்டத்தின் சூழல் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு என்று எங்கள் பக்கத்து அலுவலகம் ஒன்றில் வைத்திருந்தார்கள். கருத்துச் சொல்ல 30 நாள். நான் விடியப்புறம் கடலுக்குப் போய், கரைக்கு வந்து, வலையைச் சிக்கெடுத்து, குளித்துப் போனால் அலுவலகம் பூட்டும் நேரம். மூன்று நாள் போனேன். மூன்றாம் நாள்தான் நீர் வடிகால் பற்றிய பக்கத்தைக் கண்டுபிடித்தேன். அதைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டு வந்தேன். காற்றாலை வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை நான். எங்கே நடுவது என்பதை எங்களிடமும் கேட்டிருந்தால், எந்தக் குடாவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஊரில் எந்தக் கிழவரும் சொல்லியிருப்பார்.

சட்டம் படிப்பவள்

பேசாலை அண்ணா சொன்னதுதான் ஓட்டை. திட்டத்துக்கு அங்கீகாரம் கேட்கும் சட்டம், திட்டத்தை நிறைவேற்றும்போது போட்டியைத் தளர்த்தினால் முதலாவதின் பலன் பாதியாகிவிடும்.

சுதந்திரம் பற்றியும் பேச வேண்டும். 2023 மே 24ஆம் திகதி ஆணைக்குழுவின் தலைவர் ஜனக ரத்நாயக்கவைப் பாராளுமன்றம் பதவி நீக்கியது. ஆதரவாக 123, எதிராக 77. அதற்கு முந்தைய மாதங்களில் கட்டண உயர்வு, உயர்தரப் பரீட்சைக் கால மின்வெட்டு இரண்டிலும் அரசோடு வெளிப்படையாக மோதிக்கொண்டிருந்தார். அவர் செய்தது எல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் அடுத்து அந்தக் கதிரையில் இருக்கிறவர் ஒரு திட்டத்தைத் திருத்தப் பேனாவை எடுக்கும்போது அந்த வாக்கெண்ணிக்கை அவருக்கு ஞாபகம் வரும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் கட்டணத்தைக் குறைக்கத் தேவையில்லை என்று சபை சொல்ல, ஆணைக்குழு கணக்குப் பார்த்து 20 சதவீதம் குறைத்தது. ஆகவே பல் இல்லை என்று சொல்ல முடியாது. கட்டணத்தில் கடிக்கும் பல் திட்டத்தில் ஏன் கடிப்பதில்லை என்பதுதான் என் கேள்வி.

வன்கூவர் வாசகன்

இங்கே பிரிட்டிஷ் கொலம்பியாவில் மின்சாரம் பி.சி. ஹைட்ரோ என்ற அரச நிறுவனத்திடம். அதைக் கண்காணிக்க ஒரு பயன்பாடுகள் ஆணைக்குழுவும் உண்டு. பீஸ் ஆற்றில் சைட் சி என்று 1,100 மெகாவாட் அணை. 1980களின் தொடக்கத்தில் இந்த ஆணைக்குழு அதை விசாரித்து, அவ்வளவு மின்சாரம் தேவை என்பது நிறுவப்படவில்லை என்று சொன்னது. அணை கட்டவில்லை. அப்புறம் 2010இல் மாகாண அரசு ஒரு சட்டம் போட்டு, சைட் சிக்கு ஆணைக்குழுவின் விசாரணையே தேவையில்லை என்று விலக்கு அளித்தது. 2014இல் 8.775 பில்லியன் டொலர் என்று கட்ட முடிவெடுத்தார்கள். 2017இல் புதிய அரசு ஆணைக்குழுவிடம் சில மாதத்துக்குள் பார்த்துச் சொல்லச் சொன்னது. அதற்குள் பாதி மலையை வெட்டியாகிவிட்டது, நிறுத்தினாலும் செலவு. தொடர்ந்தார்கள். 2021இல் மதிப்பீடு 16 பில்லியன்.

கொட்டியாரக்கரை சொல்லும் "முன்கூட்டியே" என்பதன் பெறுமதி இங்கே காசாகவே தெரிகிறது. அதே ஆணைக்குழு, அதே ஆறு. முதல் தடவை மண்வெட்டி விழுமுன் கேட்டார்கள், இரண்டாம் தடவை விழுந்த பின் கேட்டார்கள்.

பரந்தன் ஆலை

எனக்கு இன்னொரு சந்தேகம். மின்வெட்டுக்குப் பிறகு கடன் எடுத்து ஆலைக் கூரை முழுக்க சோலர் போட்டேன். 2022 ஓகஸ்டில் சராசரி 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதம் என்று கட்டணம் ஏறினால் வேறு என்ன செய்வது? நான் மட்டும் இல்லை, நாடு முழுக்கக் கூரைச் சோலர் 1,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது என்கிறார்கள்.

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகல் 3 மணிவரை சோலரை அணைத்து வைக்கச் சொல்லிக் கோரிக்கை வந்தது. நல்ல வெயில். பொங்கல் பானையை இறக்கிவிட்டு ஏணியில் ஏறிப் போய் அணைத்தேன். மேலே நின்று பார்த்தால் பக்கத்துக் கூரைகளிலும் தகடு மினுங்குகிறது, ஒன்றிலிருந்தும் ஒரு அலகு வரவில்லை. வங்கிக்குத் தவணை மட்டும் அந்த நாட்களுக்கும் சேர்த்துத்தான் கட்டினேன். இவ்வளவு கூரையில் இவ்வளவு தகடு வரும் என்று 20 வருடத் திட்டத்தில் யாரும் பார்க்கவில்லையா?

சுமைவளைவு

தம்பி, கோரிக்கைக்குக் காரணம் இருந்தது. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டதே, அதைக் குரங்குக் கதையாகவே எல்லாரும் பேசினார்கள். உண்மையில் ஞாயிறு பகலில் தேவை குறைவு, சோலர் நிறைய, சுழலும் பெரிய இயந்திரங்கள் கொஞ்சம். அந்தக் கனத்த இயந்திரங்களின் சுழற்சிதான் ஒரு அதிர்ச்சி வந்தால் தாங்கிப் பிடிப்பது. அது மெலிந்திருந்த நேரத்தில் அடி விழுந்தது. புத்தாண்டு விடுமுறையிலும் அதே நிலை வரும் என்ற பயம்.

ஆனால் உங்கள் கேள்வி சரியான கேள்வி. 2030க்குள் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து என்று இலக்கு வைத்தால், பகல் மின்சாரத்தை இரவுக்கு வைக்கும் ஏற்பாடும் அதே வேகத்தில் வர வேண்டும். மகா ஓயாவில் 600 மெகாவாட் நீரேற்று நிலையம் திட்டங்களில் இருக்கிறது. பகலில் மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, இரவில் கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. பற்றரிகளும் இருக்கின்றன. தாளில் எல்லாம் இருக்கிறது. கூரையில் தகடு ஒரு கிழமையில் ஏறிவிடும், மகா ஓயாவுக்குப் பல வருடம் வேண்டும்.

இந்த இடத்தில் தங்கச்சியின் இரண்டாவது கோரிக்கையோடு முழுதாக உடன்படுகிறேன். கெரவலப்பிட்டியில் 300 மெகாவாட் இயற்கை வாயு நிலையத்துக்கு 2016இல் கேள்விப்பத்திரம் அழைத்தார்கள். வழக்கு, அமைச்சரவை, இழுபறி. முதற்கட்டம் ஓடியது 2024இல். எட்டு வருடம். அந்த எட்டு வருடமும் ஒவ்வொரு புதிய திட்டத்திலும் அந்த நிலையம் அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ வருகிறது என்றே எழுதினோம். நானும் எழுதினேன். ஏன் வரவில்லை என்று ஒரு தடவையாவது எங்களைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் முன்னால் கேட்டிருந்தால், எங்களுக்கும் அது உதவியாக இருந்திருக்கும். எங்கே யார் கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று சொல்ல ஓர் இடம் கிடைத்திருக்கும்.

பேசாலை

ஐயா, இது முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய பதில். நன்றி.

கொட்டியாரக்கரை

எல்லாருக்கும் நன்றி. இதை இங்கேயே விட்டுவிட எனக்கு மனம் இல்லை. அடுத்த நீண்டகாலத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்கும்போது அனுப்ப ஒரு கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். தமிழில்தான். இப்போதைக்கு இருப்பது:

தேவை வளர்ச்சி, எரிபொருள் விலை, டொலர் கிடைக்காத நிலை, கழிவு வீதம் இந்த எண்களைத் திட்டம் வரையத் தொடங்கும் முன்பே வெளியிட்டு, மாகாணத்துக்கு ஒரு பகிரங்க அமர்வாவது வைக்க வேண்டும். மாலை நேரத்தில் வைக்க வேண்டும் (பேசாலை அண்ணாவுக்காக). முந்தைய திட்டங்களின் தேவை மதிப்பீட்டையும் உண்மையில் நடந்ததையும் பக்கத்துப் பக்கம் வைத்துக் காட்ட வேண்டும். அங்கீகரித்த ஒவ்வொரு நிலையமும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, யாருடைய மேசையில் நிற்கிறது என்று வருடத்துக்கு ஒரு தடவை ஆணைக்குழு வெளியிட வேண்டும். தாமதத்தால் வாங்கிய அவசர மின்சாரத்தின் மேலதிகச் செலவையும் அதே தாளில் எழுத வேண்டும். அட்டவணையில் மாவட்டத்தின் பெயரோடு நிற்காமல் ஊரின் பெயரும் வர வேண்டும்.

கடைசி வரி அம்மா சொன்னது.

சுமைவளைவு

ஊரின் பெயர் பற்றிய வரியில் ஒரு சிறு திருத்தம். திட்டம் வரையும் கட்டத்தில் பல நிலையங்களுக்கு இடம் முடிவாகியிருக்காது. "இடம் அறியப்பட்டவுடன்" என்று சேருங்கள். இல்லாவிட்டால் அந்த ஒரு காரணத்தைச் சொல்லியே முழுக் கோரிக்கையையும் தள்ளிவிடுவார்கள். ஆணைக்குழுவுக்குத் திட்டமிடல் தெரிந்த நிரந்தர ஆட்கள் வேண்டும் என்பதையும், பதில் சொல்லத் தவணை வேண்டும் என்பதையும் சேருங்கள். கடிதத்தை எனக்கு அனுப்புங்கள், எண்களை ஒரு தடவை பார்த்துத் தருகிறேன். கீழே கையெழுத்தும் வைக்கிறேன்.

பரந்தன் ஆலை

அக்கா, தாமதத்தின் செலவு என்று எழுதியிருக்கிறீர்கள். 2022 மார்ச் தொடக்கம் நான் ஜெனரேற்றருக்கு அடித்த டீசலின் சிட்டைகள் எல்லாம் ஆலைக் கந்தோரில் ஒரு பிஸ்கற் டின்னுக்குள் இருக்கின்றன. சிலது மை மங்கிவிட்டது, ஆனால் தொகை வாசிக்கலாம். இன்றிரவு ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். கடிதத்தோடு இணைத்துவிடுங்கள்.